பாவியாவில் புனித அகுஸ்தீனார் கல்லறை

மிலான் போகிறவர்கள் கதீட்ரல் கூரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கூரை கிடக்கட்டும், முதலில் கீழே போங்கள். கதீட்ரலுக்கு அடியில், அகழ்ந்தெடுத்த பழைய ஞானஸ்நானத் தொட்டி ஒன்று இருக்கிறது. எட்டுப் பட்டை, வளர்ந்த ஆள் இறங்கி நிற்கிற அளவு. 387ஆம் வருஷம் உயிர்ப்புத் திருவிழா இரவில் மிலான் ஆயர் அம்புரோஸ், பின்னாளில் தானும் ஆயராகிப் பெரிய இறையியலாளர் ஆன அகுஸ்தீனாருக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம் இதுதான். அவருடைய மகன் அதேயோதாத்துஸும் அன்றைக்கே பெற்றுக்கொண்டான். அகுஸ்தீனாருக்கு அப்போது வயது 32.

முப்பத்திரண்டு வயதுவரை அவர் அம்மா மோனிக்கா என்ன செய்துகொண்டிருந்தார் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் மோனிக்காவும் நமக்குப் புனிதை. பதிலை அகுஸ்தீனாரே தன் வாழ்க்கையை எழுதிய நூலில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் வயிற்று நோவு வந்து சாகக் கிடந்தபோது அவசரமாக ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடந்திருக்கிறது. பையன் பிழைத்துக்கொண்டான், ஏற்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கழுவிய பிறகு செய்கிற பாவம் இன்னும் பெரிய குற்றம், ஆகவே வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அதாவது, பிறந்த பிள்ளை பாவத்தோடு பிறந்திருக்கிறது, ஒரு நாள் தாமதித்தாலும் ஆபத்து என்ற பதற்றம் அந்த வீட்டில் இல்லை.

எங்கள் வீட்டில் இருக்கிறது. அக்காவுக்குப் பேத்தி பிறந்ததிலிருந்து ஊரிலிருந்து அம்மா தினமும் போன் போட்டு, "ஜென்மப் பாவத்தோட பிள்ளைய வச்சிருக்கீங்களே" என்கிறாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெரியம்மாவுக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் இல்லாததால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா ஒரு கட்டு பூவோடு மதிலைச் சுற்றிப் பின்பக்கம் போவாள். உடன் யாரும் போனதில்லை. அப்படி ஒன்றை நேரில் பார்த்தவளுக்குப் பயம் சும்மா வரவில்லை.

சரி, பாவியாவுக்கு வருகிறேன். மிலானிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் அகுஸ்தீனார் கல்லறை இருக்கிற கோவிலை மத்தியானம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். சான் பியெத்ரோ இன் சியேல் தோரோ என்று பெயர். செங்கல் கட்டடம், வெளியே ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீனாரின் உடல் இத்தாலிக்கு எப்படி வந்தது என்றால், முதலில் சார்தீனியா தீவுக்கு, பிறகு 8ஆம் நூற்றாண்டில் லொம்பார்து ராஜா லியுத்பிராந்து வழியாக இங்கே. அந்த ராஜாவும் இதே கோவிலில்தான் அடக்கம். கீழறையில் தத்துவஞானி போயேத்தியுஸ்.

பீடத்துக்குப் பின்னால் வெள்ளைப் பளிங்கில் 14ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு ஒன்று, கோவிலுக்குள் இன்னொரு கோவில் போல உயர்ந்து நிற்கிறது. நடு அடுக்கில் அகுஸ்தீனார் ஆயர் உடுப்போடு படுத்திருக்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் அவர் படுத்திருக்கும் துணியின் ஓரங்களைப் பிடித்திருக்கிறார்கள். பளிங்குதான், ஆனால் துணி கனத்தில் தொய்ந்து மடிப்பு விழுந்திருப்பது அப்படியே தெரிகிறது. அக்கா அங்கேயே முழந்தாளிட்டுவிட்டாள். எனக்கு ஜெபம் சட்டென்று வரவில்லை. இவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

பிறந்த குழந்தைக்கே ஆதாமின் குற்றத்தில் பங்கு உண்டு என்று அழுத்திச் சொன்னவர் இவர். அதை வெறும் பிடிவாதமாகச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம், அதைப் பாவ மன்னிப்புக்கு என்கிறோம், பசாசை ஓட்டக் குழந்தையின் மேல் ஊதுகிறோம், எந்தப் பாவமும் இல்லையென்றால் இதெல்லாம் எதற்கு என்பது அவர் வாதம். திருச்சபையின் வழக்கத்திலிருந்து போதனையைப் பிடித்தார். ஆதாமின் குற்றம் குழந்தைக்கு வராது என்றது பெலாஜியுஸ் என்ற துறவியின் பக்கம். 418இல் ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்தில் கூடிய ஆயர்கள் அந்தப் பக்கத்தைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட மறுத்த இத்தாலிய ஆயர்களில் ஒருவர் எக்லானும் ஊர் ஜூலியான். பச்சைக் குழந்தையைத் தண்டிக்கிறவர் என்ன கடவுள் என்று கேட்டார். 430இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானியப் படையினர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த நேரத்திலும் அகுஸ்தீனார் ஜூலியானுக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதை முடிக்காமலே இறந்துபோனார்.

என்னைக் கேட்டால், கேள்வியில் ஜூலியான் சரி, மனுஷனைப் புரிந்துகொண்டதில் அகுஸ்தீனார் சரி. நாம் யாரும் வெள்ளைத் தாளில் ஆரம்பிப்பதில்லை. சாதி, சண்டை, கடன், குடி எல்லாம் நமக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன, நாம் வந்து அதற்குள் விழுகிறோம். இதை மறுக்க முடியாது. ஆனால் விழுந்து கிடப்பது வேறு, குற்றவாளி என்பது வேறு. தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் பலவீனமும்தான், குற்றம் இல்லை என்கின்றன. நம் கத்தோலிக்க மறைக்கல்வி நூலே 405ஆம் எண்ணில் இது யாருடைய சொந்தக் குற்றமும் அல்ல என்றுதான் சொல்கிறது. இதை எங்கள் பங்குக் கோவிலில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்றால், எனக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளுக்குத் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசானது என்று எழுதிய இதே அகுஸ்தீனார், 415இல் வேத அறிஞர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகள் படும் தண்டனை என்ற இடத்துக்கு வரும்போது என்ன பதில் சொல்வதென்றே தெரியாமல் திணறுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தத் திணறல் நம் ஊருக்கு வந்து சேரவில்லை. மதில் மட்டும் வந்து சேர்ந்தது.

பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளுக்கென்று, வேதனையும் இல்லாத கடவுள் தரிசனமும் இல்லாத லிம்போ என்ற இடத்தைச் சொன்னார்கள். 2007 ஏப்ரலில் வத்திக்கானின் இறையியல் குழு, அவர்களும் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளியிட அனுமதித்தவர் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். அதே மாதம் 22ஆம் தேதி அவர் இந்தக் கல்லறைக்கு முன்னால்தான் மாலை ஜெபம் செய்தார். அகுஸ்தீனாரைப் பற்றியே முனைவர் ஆய்வு செய்தவர் அவர். குருவின் பெயரால் வந்த தீர்ப்பைத் தளர்த்திவிட்டு, அதே மாதம் குருவின் காலடிக்கு வந்திருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. என் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் நானும் முழந்தாளிட்டேன். பெரியம்மாவின் பிள்ளைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, பெயர் இல்லாமலே வேண்டிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் அம்மாவின் போன். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான், அதுக்காக ஞானஸ்நானமே வேண்டாமா?" என்றாள். வேண்டும் அம்மா, சபைச் சட்டமே பிறந்த சில வாரங்களுக்குள் கொடுக்கத்தான் சொல்கிறது, ஆனால் பிள்ளையை நல்ல குடும்பத்துக்குள் சேர்க்கிற சந்தோஷத்தில் கொடுப்போம், பயந்து போய் வேண்டாம் என்றேன். கோடை லீவில் ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு சொல்லிவிட்டாள். அம்மா இன்னும் தேதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி நர்ஸே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாமா, அதற்கான வார்த்தைகள் என்ன என்று கேட்டு, அக்காவை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.