கியோட்டோவில் வடம் பிடித்த ஜூலை

ஜூலை 11

வகுப்பு முடிந்ததும் ஷிஜோ தெருவுக்குப் போனேன். கியோன் திருவிழாவுக்கான தேர்களை நடுத்தெருவிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹோக்கோ என்று பெயர். பெரிய ஹோக்கோ உச்சி வரை 25 மீட்டர், எடை 12 டன் வரை. சட்டங்களைப் பிணைக்க ஆணியே அடிப்பதில்லை, எல்லாம் வைக்கோல் கயிறுதான். ஒரு பெரியவர் ஒவ்வொரு சுற்றையும் மரச்சுத்தியால் தட்டித் தட்டி நெருக்கினார். தேர் ஓடும்போது குலுங்கும் குலுக்கலுக்குக் கயிறு நெகிழ்ந்து கொடுக்குமாம். இருட்டும்வரை நின்று பார்த்தேன்.

ஜூலை 12

இன்று வெள்ளோட்டம். ஊர்வலத்தன்று இழுக்கத் தனி ஆட்கள் உண்டு. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாட்டிகள், நடுவில் நான். முன்னால் விசிறியோடு நின்றவர்கள் ‘என்யாராயா’ என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். முதலில் அசையவே இல்லை. அப்புறம் மரச்சக்கரம் பெரிதாக முனகியபடி உருள, மேலே மணியும் குழலும் தொடங்கின. உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊரில் தேர் இழுத்த கைக்கு வேறெப்படி இருக்கும்!

ஜூலை 16

இரவு விளக்குகளைப் பார்க்கப் போனேன். நகர முடியாத கூட்டம். பழைய வணிகர் வீடுகளில் ஓவியத் தட்டிகளைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி விரித்து வைத்திருந்தார்கள். அது மட்டும் மனதில் நிற்கிறது.

ஜூலை 17

கவராமாச்சி முனையில் காலையிலேயே இடம் பிடித்தாயிற்று. முன்சக்கரங்களைத் திருப்ப வழியில்லாத தேர் இது. அதனால் சக்கரத்தடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வடத்தைப் பக்கவாட்டில் மாற்றி ஒரே மூச்சில் இழுக்க, 12 டன்னும் மூங்கில்மேல் வழுக்கிக் கொஞ்சம் திரும்புகிறது. மறுபடி மூங்கில், மறுபடி தண்ணீர். முழுசாகத் திரும்பியதும் தெருவே கை தட்டியது.

869இல் கொள்ளைநோய் பரவியபோது 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டதில் தொடங்கிய விழா. தேர்கள் தெருவிலுள்ள நோய்த் தெய்வங்களைத் தம்மீது சேர்த்துக்கொள்வதாக நம்பிக்கை. அதனால் ஊர்வலம் முடிந்து திரும்பியதுமே பிரித்துவிடுகிறார்கள். கான்கோ ஹோக்கோவின் முன்திரை 16ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்து நெசவு. அதில் இருப்பது பைபிளின் பழைய ஏற்பாட்டுக் காட்சி!

ஜூலை 24

இரண்டாவது ஊர்வலம். 1826க்குப் பிறகு ஓடாமலே இருந்த தாக்கா யாமா என்ற தேர் 2022இல்தான் திரும்ப வந்தது. அது என்னைக் கடந்தபோது கண் கலங்கியது. மினாமி கன்னோன் யாமாவின் உடைமைகளில் 1684 என்று ஆண்டு குறித்த இந்திய அச்சுத்துணி ஒன்று உண்டு. டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டில் துணி ஏற்றிய காலம் அது. இங்கே படிக்க வருபவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருநாள்தான் லீவு கிடைக்கும் என்றால் 17ஐ விட 24க்கே போங்கள். கூட்டம் குறைவு, ஒவ்வொரு திரையையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.