பிலோமிக்கு முன்னால் வல்லத்தைப் பாருங்கள்

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைப் பற்றி யார் பேசினாலும் நாயகி பிலோமியின் காதலோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நான் கடற்கரை ஊரான மணப்பாட்டுக்கு மேற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஊரில் பிறந்தவன். அப்பா சைக்கிளில் கருப்பட்டி கொண்டுபோய்க் கடற்கரையில் கொடுத்துவிட்டு, கருவாட்டோடு திரும்புவார். அதனாலோ என்னவோ, என் கண்ணில் முதலில் படுவது பிலோமியின் அப்பா குரூஸ் மைக்கேலின் வல்லம்தான், இயந்திரமில்லாத அந்த மரப்படகுதான்.

1977இல் வந்த நாவல். லாஞ்சு என்கிற விசைப்படகு வந்து, வல்லத்துக்காரர்களோடு பகை முற்றிய காலம் அது. படித்த மகன் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான். குரூஸுக்கு வல்லத்தையும் வீட்டையும் விட மனமில்லை. கிழவரின் பிடிவாதம் என்று இதைக் கடந்துபோகலாம். ஆனால் விசைப்படகின் இழுவைமடி வலை கடலடியை வாரும்போது மீனோடு குஞ்சும் சிப்பியும் பாசியும் சேர்ந்தே வரும். வல்லம் போகும் கரைக்கடலிலேயே விசைப்படகும் இழுத்தால் என்ன மிஞ்சும்? விசைப்படகுகள் 3 கடல் மைலுக்கு அப்பால்தான் தொழில் செய்ய வேண்டும் என்ற தமிழகச் சட்டம் 1983இல்தான் வந்தது. சட்டத்துக்கு 6 ஆண்டுகள் முன்பே அந்தச் சண்டை கதையாகிவிட்டது.

கடற்கரையைப் பாடும் நெய்தலுக்கு, இப்படி முந்திச் சொல்வது புதிதல்ல. நற்றிணை 172இல், விளையாட்டாக வெண்மணலில் அழுத்திய புன்னைக்கொட்டை முளைக்கிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். 'இது உன்னைவிடச் சிறந்தவள், உன் தங்கை' என்கிறாள் தாய். அதன் நிழலில் காதலனோடு சிரிக்கப் பெண்ணுக்கு நாணம். புன்னையைப் பற்றி நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சொன்னதில்லை.

எங்கள் தேரிக்கும் கடலுக்கும் காற்று ஒன்றுதான். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று வீசினால் எங்கள் சோற்றில் செம்மண் விழும். கடற்கரைக்காரர்களுக்கு அலை எழும்பும். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நாவல் வந்த 2004இல்தான், அந்தக் காற்றுக்குள் கட்டுமரத்தில் போகிறவர்களின் பேச்சு முழுசாக எனக்குக் கேட்டது.

போன மாதம் அப்பாவுக்குக் 'கடல்புரத்தில்' பாதிவரை வாசித்துக் காட்டினேன். பிலோமியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வல்லத்தை விற்றுவிட்டாரா?" என்றார்.

மீதியை நீங்களே படியுங்கள் அப்பா என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.