கித்துல்கல பாலமும் இரண்டு பெயர்களும்

2024 ஜூன் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கரண்ட் போகாமல் இருந்ததே அதிசயம். அப்பாவுக்குப் பழைய படம் பார்க்க ஆசை வந்துவிட்டது. மடிக்கணினியில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' போட்டுக் கொடுத்தேன். அட்டனில் அந்தத் தலைமுறை ஆட்களுக்கு அது "நம்ம ஆத்துல எடுத்த படம்". களனி ஆற்றைப் பார்க்கத்தான் பார்ப்பார்கள், கதைக்காக இல்லை.

தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது அப்பா நிறுத்தச் சொன்னார். "திரைக்கதைன்னு ரெண்டு பேரு வருது. முந்தி ஒரு பிரெஞ்சுக்காரன் பேருதானே இருந்துச்சு?"

நான் நம்பவில்லை. அவர் எழுந்து போய் அலமாரியில் பழைய விசிடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாடு வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஜூன் 5, புதன்

அப்பா சொன்னதுதான் சரி. 1957இல் படம் வந்தபோது திரைக்கதை என்று போட்டது நாவலாசிரியர் பியர் பூலின் பெயரை. அவர் பிரெஞ்சில் எழுதுகிறவர், ஆங்கிலத்தில் ஒரு திரைக்கதையே எழுதும் அளவுக்கு அந்த மொழி அவருக்கு வராது. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். ஃபோர்மன் முதலில் எழுதினார். அது இயக்குநர் டேவிட் லீனுக்குப் பிடிக்கவில்லை, வில்சன் வந்து மாற்றி எழுதினார். இரண்டு பேருமே ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்த அமெரிக்கர்கள். ஒருவர் லண்டனில் ஒதுங்கியிருந்தார், மற்றவர் பிரான்ஸில்.

1958 மார்ச்சில் படத்துக்கு ஏழு ஆஸ்கார். திரைக்கதைக்கான ஆஸ்கார் பூலுக்குப் போனது.

அப்பாவிடம் சொன்னேன். "நான் சொல்லல?" என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம் அதே பேச்சு.

ஜூன் 9, ஞாயிறு

வேலை இல்லாத நாள். வில்சனைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

1951 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா என்று கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். சட்டப்படி அது குற்றம் இல்லை, ஆனால் அன்றோடு வேலை போய்விட்டது. அடுத்த வருடம் மார்ச்சில் 'எ பிளேஸ் இன் தி சன்' படத்துக்காக அதே ஹாலிவுட் அவருக்கு ஆஸ்கார் கொடுத்தது! சிலை உண்டு, சம்பளம் இல்லை.

இந்தப் பட்டியலை எந்தச் சட்டமும் போடவில்லை. 1947 நவம்பரில் ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி, கம்யூனிஸ்டுகளுக்குத் தெரிந்தே வேலை கொடுக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். அவ்வளவுதான். அதிலிருந்து வெளியே வர ஒரே வழி குழுவின் முன்னால் போய் நண்பர்களின் பெயர்களைச் சொல்வது. உன் பெயர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவன் பெயரைக் கொடு. கடன்காரன் கணக்கு மாதிரி.

சொல்லாதவர்கள் வேறு ஆள் பெயரில் எழுதினார்கள், குறைந்த கூலிக்கு. வில்சன் எழுதிய 'ஃப்ரெண்ட்லி பர்சுவேஷன்' 1956இல் திரைக்கதை ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளியானது. படம் தானாக முளைத்தது போல! பட்டியலில் உள்ளவர்களுக்கு விருது கிடையாது என்று 1957இன் தொடக்கத்தில் ஆஸ்கார் கொடுக்கும் அகாடமி விதியே போட்டது. அந்த வருட விழாவில் 'ராபர்ட் ரிச்' என்ற ஒருவருக்கு விருது அறிவித்தார்கள், அவர் மேடைக்கு வரவில்லை. அப்படி ஒரு ஆளே இல்லை. எழுதியது டால்டன் ட்ரம்போ, அவரும் பட்டியல்காரர். இதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நானும் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள்தான். என் பெயர் திரையில் வந்துபோகும் நேரத்தில் தும்மக்கூட முடியாது. ஆனாலும் வருகிறதே.

ஜூன் 21, வெள்ளி

பொசன் போயா, விடுமுறை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறி, படம் எடுத்த கித்துல்கலயில் இறங்கினேன். ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் பாதை ஈரத்தில் வழுக்கியது. ஒரு பையன் தானாகவே முன்னால் நடந்து வழி காட்டினான், கீழே போனதும் கையை நீட்டினான். பாலம் 1957 மார்ச்சிலேயே படத்துக்காக வெடித்துப்போனது. மிச்சம் இருப்பது அடித்தளச் சிமெண்ட்தான். பாசி பிடித்து, பாறை எது, சிமெண்ட் எது என்று கையால் தடவித்தான் தெரிந்தது. பக்கத்தில் ரப்பர் படகில் போகிறவர்கள் கத்திக்கொண்டே போனார்கள்.

அப்பா கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்தப் படத்துல நம்மாளு ஒருத்தனும் இல்லையே" என்றார்.

நான் எதைச் சொல்கிறார் என்று யோசிப்பதற்குள் அவரே சொன்னார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள். சயாம் மரண ரயில். படத்தில் வருகிற பாலமும் அந்தப் பாதைக்குத்தான். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த நேசநாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளிகள் அதைப்போலப் பல மடங்கு, அதில் தமிழர்கள் ஏராளம். படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்.

மூன்று வாரமாக இரண்டு பேருடைய பெயருக்காக உருகிக்கொண்டிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் இருவரும் எழுதிய கதையில்தானே இவர்கள் விடுபட்டார்கள்? திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் சீட் கிடைக்கவில்லை. கினிகத்தேனை வரை நின்றுகொண்டே வந்தோம்.

ஜூன் 26, புதன்

ஃபோர்மன் இறந்த நாள், 1984. அந்த வருடக் கடைசியில்தான் ஆஸ்கார் அவருக்கும் வில்சனுக்கும் உரியது என்று அகாடமி ஒத்துக்கொண்டது. வில்சன் 1978லேயே போய்விட்டார். இருவருக்கும் பதிலாக மனைவிமார் வாங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 1, திங்கள்

வில்சனுக்கு இன்று 110 வயது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'விலும் அவர் பெயரை விட்டிருந்தார்கள், எழுத்தாளர் சங்கம் அதைச் சேர்த்தது 1995இல். எனக்குப் பிடித்தது வேறொன்று. 1964இல் அமெரிக்கா திரும்பியவர் அப்புறம் ராட் செர்லிங்கோடு சேர்ந்து எழுதிய படம் 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்', 1968. அதன் மூல நாவலும் பியர் பூலுடையதுதான். இந்த முறை நாவல் என்ற இடத்தில் பூல், திரைக்கதை என்ற இடத்தில் வில்சன்.

சாயங்காலம் அப்பா விசிடியைக் கண்டுபிடித்துவிட்டார். தையல் மிஷின் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. போட்டுப் பார்த்தோம். பியர் பூல் என்றுதான் வருகிறது. "பாரு, பாரு" என்றார் இரண்டு தடவை. அப்புறம் மார்க்கர் கேட்டு வாங்கி, அட்டையின் மேல் தமிழில் 'வில்சன்' என்று எழுதினார். அடுத்த பெயருக்கு வந்ததும் நிறுத்தி, அந்த மூணு புள்ளி முன்னாலயா பின்னாலயா என்று கேட்டார்.