வேன் கண்ணாடிக்குத் திரை உள்ளேயா, வெளியேயா?

வேனில் படுக்கை போட்டு ஊர் சுற்றக் கிளம்பும் தம்பி ஒருவர் கேட்டார், கண்ணாடிக்கு வெப்பத் தடுப்புத் திரை எந்தப் பக்கம் போடலாமென்று. பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்கு என் ஓட்டு வெளியேதான். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால், உள்திரை எவ்வளவு பளபளத்தாலும் வெக்கை நடுவில் தங்கி மெல்ல உள்ளே இறங்கும். ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுகிற அதே கணக்கு.

ஆனால் காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்றில் வெளித்திரை படபடவென்று அடித்துத் தூங்கவிடாது. குற்றாலச் சாரலில் நனைந்ததை எங்கே காயப்போடுவது? அங்கே உள்திரைதான் சுலபம். என்ன, காலையில் கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருக்கும், துடைக்க ஒரு துணி வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் முன்கண்ணாடிக்கு மட்டும் வெளித்திரை வாங்குங்க தம்பி. பெரிய கண்ணாடி அதுதானே.