மருந்துக் கம்பெனிக்கு ஒரு வக்கீல் தலைவர்

மெர்க் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த கென் ஃப்ரேசியர் அடிப்படையில் ஒரு வக்கீல். 1954-இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா துப்புரவுத் தொழிலாளி. ஹார்வர்டில் சட்டம் முடித்து, சொந்த ஊரிலேயே கார்ப்பரேட் வக்கீலானார். 1992-இல் மெர்க் பக்கம் வந்தார்.

அப்புறம் வந்தது வயாக்ஸ் விவகாரம். மூட்டுவலிக்கான இந்த மாத்திரை மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2004-இல் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கில் வழக்குகள். 2005-இல் டெக்சாஸில் முதல் வழக்கிலேயே ஜூரி 25.3 கோடி டாலர் இழப்பீடு என்றது! வேறு ஆளாக இருந்தால் அன்றே சமரசத்துக்கு ஓடியிருப்பார். இவர் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக நின்று நடத்தினார். பலவற்றில் கம்பெனி ஜெயித்தது. 2007-இல் 485 கோடி டாலருக்கு சமரசம். டெக்சாஸ் தீர்ப்பும் பின்னர் மேல்முறையீட்டில் அடிபட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பார்த்தால் என்னால் இதைக் கொண்டாட முடியவில்லை. ஆனால் கெட்டிக்கார வக்கீல், அதில் சந்தேகமில்லை. 2011-இல் சிஇஓ, அதே வருடக் கடைசியில் சேர்மன்.

எனக்குப் பிடித்தது வேறொரு வழக்கு. அலபாமாவில் மரண தண்டனைக் கைதி ஒருவருக்குக் காசு வாங்காமல் வாதாடினார். ஜூரியிலிருந்து கறுப்பினத்தவர்களைத் திட்டமிட்டுக் கழித்துவிட்டார்கள் என்று காட்டி மறுவிசாரணை வாங்கினார்கள். 1997-இல் அவர் விடுதலையானார்.

2017-இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் நடத்திய பேரணி கலவரமான பிறகு, அதிபர் டிரம்ப்பின் உற்பத்தித் துறை ஆலோசனைக் குழுவிலிருந்து முதலில் வெளியேறியவரும் இவர்தான். கொஞ்ச நேரத்திலேயே டிரம்ப் மருந்து விலையை இழுத்து ட்விட்டரில் திட்டினார். இரண்டு நாளில் குழுவே கலைந்துவிட்டது.