நடத்தைவாதக் கேள்விகள்: கூடியதா, குறைந்ததா என்று முதலில் பாருங்கள்

கல்வி உளவியல் தாளின் முடிவு வந்துவிட்டது. அதில் வரும் நடத்தைவாதம் என்பது, கற்றலை வெளியே தெரியும் நடத்தையின் மாற்றமாகப் பார்க்கும் கொள்கை. மதிப்பெண் கைக்கு வந்த நிம்மதியில், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இது. பாவ்லவின் நாயும் ஸ்கின்னரின் பெட்டியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரு காட்சியை விவரித்துக் கேட்கும் சூழல் கேள்வியில் கடைசி வரியை முதலில் படியுங்கள். அந்த நடத்தை பிறகு கூடியதா? வலுவூட்டல். குறைந்ததா? தண்டனை. அதை முடிவு செய்த பிறகே ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா என்று பாருங்கள். சேர்ந்தால் நேர்மறை, நீங்கினால் எதிர்மறை. இந்த வரிசையை மாற்றினால், 'அதட்டினார்' என்பதைக் கண்டதுமே கை தண்டனையைக் குறித்துவிடும்.

ஒரு மாணவன் சத்தம் போடுகிறான், ஆசிரியர் அதட்டுகிறார், அவன் போடும் சத்தம் நாளுக்கு நாள் கூடுகிறது. அவனுக்குக் கிடைத்தது ஆசிரியரின் கவனம். எனவே நேர்மறை வலுவூட்டல். இப்போது ஆசிரியர் பக்கம் பாருங்கள். அதட்டியதும் இரைச்சல் சற்று அடங்குகிறது, அதனால் அவர் அதட்டுவதும் கூடுகிறது. அவருக்கு நடந்தது எதிர்மறை வலுவூட்டல். காட்சி ஒன்று, விடை இரண்டு. யாருடைய நடத்தையைக் கேட்கிறார்கள் என்பதை அடிக்கோடிட்டுவிட்டு விடைக்குப் போங்கள்.

ஆக்கநிலையுறுத்தலில், அதாவது ஒரு தூண்டலை இன்னொன்றோடு இணைத்துக் கற்பதில், இயற்கைத் தூண்டலை முதலில் பிடியுங்கள்: கற்காமலேயே துலங்கலை (எதிர்வினையை) வரவழைப்பது எது? 1920-இல் வாட்சனும் ரேனரும் ஆல்பர்ட் என்ற குழந்தையிடம் செய்த சோதனையில் அது இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்த ஓசை. வெள்ளை எலி செயற்கைத் தூண்டல்தான் (கற்ற பிறகே துலங்கலை வரவழைப்பது), ஏனென்றால் குழந்தை தொடக்கத்தில் எலிக்குப் பயப்படவே இல்லை. பயம் முயலுக்கும் பரவியது பொதுமைப்படுத்தல். முயல் மீதான பயத்தைப் போக்கிய சோதனை வேறு: மேரி கவர் ஜோன்ஸ், 1924, சிறுவன் பீட்டர்.

தூண்டல்களின் வரிசையும் முக்கியம். பாவ்லவின் நாய்ச் சோதனையில், மணி உணவுக்குச் சற்று முன் ஒலிக்க வேண்டும். உணவுக்குப் பின் ஒலித்தால் இணைப்பு மிகப் பலவீனமாகவே உருவாகும்.

வலுவூட்டல் அட்டவணைகளை (பரிசு எப்போது கிடைக்கும் என்ற ஒழுங்குகளை) வரைபடமாக வரைந்து பழகுங்கள், மனப்பாடம் தேர்வறையில் கைகொடுக்காது:

- நிலையான விகிதம் (குறித்த தடவை செய்தால் பரிசு): வேகம், பரிசு கிடைத்ததும் சிறு நிறுத்தம், மறுபடி வேகம்
- மாறும் விகிதம் (எத்தனை தடவை என்பது மாறும்): செங்குத்தான கோடு, நிறுத்தம் அரிது, எளிதில் மறையாது
- நிலையான இடைவெளி (குறித்த நேரம் கழிந்த பின் செய்தால் பரிசு): நேரம் நெருங்கினால்தான் வேகம், கோடு வளைவு வளைவாகப் போகும்
- மாறும் இடைவெளி (அந்த நேரம் மாறும்): மிதமான, சீரான கோடு

மறைதலைப் பற்றிய கேள்வியில், அதாவது வலுவூட்டல் நின்றதும் நடத்தை மெல்ல மறைவதைப் பற்றிய கேள்வியில், பலர் சறுக்குவார்கள். வலுவூட்டலை நிறுத்தியதும் நடத்தை உடனே இறங்கிவிடும் என்றில்லை, சில நேரங்களில் முதலில் எகிறும். அந்த நேரத்தில் மனமிரங்கிப் பரிசு கொடுத்துவிட்டால், எகிறிய நடத்தைக்கே வலுவூட்டல் கிடைத்துவிடும். அதோடு அது விட்டுவிட்டுக் கிடைத்த வலுவூட்டலாகவும் ஆகிவிடுவதால், அடுத்த முறை மறையச் செய்வது இன்னும் கடினம். 'ஏன்' என்று கேட்டால் இந்த இரண்டு காரணங்களையும் எழுதுங்கள்.

கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் தார்ண்டைக்கின் மூன்று விதிகளை (ஆயத்தம், பயிற்சி, விளைவு) மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1930 வாக்கில் அவரே அவற்றைத் திருத்தினார். வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வது இணைப்பை வலுப்படுத்தாது என்றார். விளைவு விதியில் பரிசு பற்றிய பாதியை வைத்துக்கொண்டு, தண்டனை அதே அளவுக்கு இணைப்பைத் தளர்த்தும் என்ற பாதியைக் கைவிட்டார். கூற்றும் காரணமும் வகைக் கேள்விக்கு இந்தத் திருத்தம் தோதான இடம்.