'தி சாம்பியன்' சண்டைக்காட்சி: இரட்டை பிரேம்கள் ஒழிந்தன!

சாப்ளினின் 'தி சாம்பியன்' (1915) கடைசிச் சண்டை என் கணினியில் ஒருவழியாகச் சீராக ஓடுகிறது. குத்து விழும் கணத்தில் வந்த திக்கல் போயே போச்சு. நேற்று இரவு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

என்னிடம் இருப்பது பிற்காலத்தில் ஒலி சேர்த்து வெளியிட்ட பதிப்பின் பிரதி. கையால் சுற்றும் கேமராவில் விநாடிக்குச் சுமார் 16 பிரேம் எடுத்த படத்தை 24 ஆக்க, ஒன்று விட்டு ஒரு பிரேமை இரண்டு முறை அச்சடித்திருக்கிறார்கள். அதன்மேல் டிவிடிக்காக விநாடிக்கு 29.97 ஆக்கியது வேறு. அதைப் பிரித்து மறுபடி 24-க்குக் கொண்டுவருவது நமக்கெல்லாம் பழகின வேலை. தலைவலி அடுத்த படியில்தான், மூன்றில் ஒன்றாக வரும் அந்த நகல் பிரேமைக் கழிப்பதில்.

நகல் பிரேம்களை நீக்கும் மென்பொருள் வடிகட்டியான டிடெசிமேட்டில் (TDecimate) சைக்கிள் 3 கொடுத்தால், மூன்று பிரேமில் எது முந்தையதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதைத் தூக்கிவிடும். ஆள் ஓடி ஆடும் இடத்தில் பிரமாதம். விழுந்து கிடப்பவனை நடுவர் எண்ணும் இடத்தில் எல்லா பிரேமும் ஒரே மாதிரிதானே! தூசியும் சுருளின் ஆட்டமும் சேர்ந்து, நகல் பிரேமே வேறாகத் தெரிகிறது. நிஜ பிரேம் பலியாகிறது. அறுந்து ஒட்டிய இடங்களில் வரிசையே மாறிவிடுகிறது. ஒரு வேகமான குத்து மூன்று நான்கு பிரேமில் முடிந்துவிடும். கையுறை முகத்தில் படும் அந்த ஒரு பிரேம் போனால் அடி விழாமலே ஆள் விழுகிறான். அப்புறம் எங்கே சிரிப்பு வரும்?

கைகொடுத்தது டிடெசிமேட்டின் கிளிப்2 வசதி: ஒரு பிரதியில் அளந்து, இன்னொன்றிலிருந்து பிரேம்களை எடுக்கலாம். ஒப்பிட்டு அளப்பதற்கென்று தனிப் பிரதி: ஓரங்களை வெட்டி, ஆட்டத்தை நிறுத்தி, லேசாக மங்கலாக்கியது. வெளியே வரும் பிரேம்கள் மட்டும் தொடாத மூலத்திலிருந்து. ஒட்டு வந்த இடமெல்லாம் துண்டாக்கித் தனித்தனியாக ஓட்டினேன். அசைவே இல்லாத இடங்களில், அதே ஷாட்டில் கை கால் அசையும் பகுதியின் வரிசையைப் பார்த்து, அதை நீட்டிக் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கண் வலித்தது. ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

சரி, வேகம்? 16-இல் ஓட்டினால் தண்ணீருக்குள் சண்டை போடுவது போல இருக்கிறது. என் கண்ணுக்கு 20 பொருந்துகிறது. நகைச்சுவைக்காகக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி எடுத்து, திரையில் வேகமாக ஓட்டுவது அந்தக் கால வழக்கம். எடுத்த வேகத்தில்தான் காட்ட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 20-இல் எதிராளியாக வரும் பட் ஜேமிசனின் கனமும் தெரிகிறது, சாப்ளினின் கால்வேகமும் தெரிகிறது. நாய் வந்து எதிராளியைக் கவ்வும் இடம் அபாரம்!

காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் இன்னும் பாக்கி. கையுறைக்குள் லாடம் வைக்கும் காட்சியிலும் ஒட்டுகள் நிறைய. அதற்குள் மனசு 'தி நாக்கவுட்' (1914) பக்கம் போய்விட்டது. ஆர்பக்கிளும் எட்கர் கென்னடியும் மோத, நடுவில் மாட்டிக்கொள்ளும் நடுவராகச் சாப்ளின். அதற்காக வாங்கிய 16 மி.மீ. பிரதியைத் திறந்ததும் வினிகர் நாற்றம், சுருள் கெட்டுப்போக ஆரம்பித்ததன் அடையாளம். நல்ல நிலை என்று சொல்லி விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். சுருங்குவதற்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும். நாற்றம் வந்த சுருளை வாங்கி ஸ்கேன் செய்து தருபவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.